தொட்டு எண்ணினவர்

என்னுடைய அரிசி ஆலைக்கு லொறி ஓட்ட ஒரு ஆள் வேண்டும் என்று நான் சொல்லிவிட்ட அடுத்த நாள் காலமை, ஐந்து பேர் வந்து வாசல் படலையடியில் நின்றார்கள். ஒரு மனிசன், அவருடைய மனிசி, மனிசியின் அக்கா, இரண்டு பெட்டைப் பிள்ளைகள். ஐந்து பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினவை. சின்னவள் பெற்றோல் தாங்கிக்கு மேலே, பெரியவள் தகப்பனுக்கும் தாய்க்கும் நடுவிலே, அந்த அக்கா கடைசியிலே, பாதி உடம்பு சீற்றிலும் பாதி உடம்பு காற்றிலும்.

"வேலைக்கு ஆர் வந்தது?" என்று கேட்டேன்.

"நான்தான் முதலாளி."

"அப்ப மற்றவை?"

"அவையும் வந்தவை," என்றார், அதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி.

நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போனவன். சைக்கிளில் நெல்லு மூட்டை கட்டி உருட்டத் தொடங்கினவன், இன்றைக்குக் கிளிநொச்சியில் என்னுடைய ஆலைச் சங்கு ஊதினால்தான் பக்கத்துக் கடைக்காரன் மணிக்கூட்டைத் திருத்துவான். ஆளைப் பார்த்த உடனே எடை போடுகிற கண் எனக்கு. பட்டம் படித்த பிள்ளைகள்கூட ஆள் பிடிக்க என்னிடம் யோசனை கேட்டு வருகிறவை. அந்தக் கண்ணால் பார்த்துத்தான் அவரை எடுத்தேன். வன்னியில் அவரைப்போல லொறி ஓட்டின ஆள் இல்லை. பள்ளம் விழுந்த றோட்டில் முட்டைப் பெட்டி ஏற்றினாலும் உடையாது.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரை மட்டும் எழுதினால் மற்ற நாலு பேரையும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டு ஐந்து பேரும் வந்து நிற்பார்கள்.

அதுதான் அந்த மனிசன். போனால் எல்லாரும், இருந்தால் எல்லாரும். ஒருக்கால் அவருக்குப் பல்லுக்கொதி. ஆஸ்பத்திரிக்கு ஐந்து பேரும் போய் நீள மர வாங்கில் வரிசையாகக் குந்தியிருந்தவையாம். வந்த மற்றவர்களையும் பார்ப்பம் என்று டொக்ரர் எல்லாருடைய வாயையும் திறக்கச் சொல்ல, அக்காக்காரிக்குத்தான் இரண்டு பல்லுப் பிடுங்கினது. இவருடைய கொதி அந்தப் பயத்திலேயே நின்றுவிட்டது.

இன்னொருநாள் பொலிஸ் மறித்து, ஒரு மோட்டார் சைக்கிளில் ஐந்து பேர் ஏலாது, மூன்று பேர் இறங்குங்கோ என்று சொல்லியிருக்கிறான். இவர் ஐந்து பேரையும் இறக்கி, வண்டியை உருட்டிக்கொண்டு எல்லாரோடும் நடந்தே வீட்டுக்குப் போனார். நாலு கட்டை தூரம். மூன்றாம் கட்டையில் அதே பொலிஸ்காரன் பின்னால் வந்து, ஏறிப் போங்கோ அண்ணை, நான் பார்க்கவில்லை என்று கெஞ்சினானாம்.

எங்கே வெளிக்கிட முதலும், படுக்க முதலும், சாப்பிட முதலும் எண்ணுவார். கண்ணால் எண்ணுவதில்லை, கையால். ஒவ்வொரு தலையிலும் உள்ளங்கையை வைத்து "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு" என்று சொல்லி, கடைசியில் தன்னுடைய நெஞ்சில் தட்டி "அஞ்சு" என்பார். அதற்குப் பிறகுதான் சோற்றில் கை வைக்கலாம். ஒருநாள் நானும் அவர்கள் வீட்டில் சாப்பிட இருந்தேன். கை என்னுடைய தலைக்கும் வந்தது. "நாலு" என்றவர், நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சீ, முதலாளி இதில சேர்த்தி இல்லை" என்று கையை எடுத்துவிட்டார். சின்னவள் சிரித்தாள். எத்தனையோ பேருக்கு வேலை கொடுத்த தலை இது. கொஞ்சம் நொந்துதான் போனேன்.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு தரம்தான் கேட்டேன். லொறியில் போய்க்கொண்டிருந்தோம். "தண்ணீரூற்றுப் பக்கம் ஒருக்கா, போத்திலில தண்ணி பிடிக்கவெண்டு தம்பியின்ர கையை விட்டனான் முதலாளி," என்றார். மிச்சத்துக்குக் காத்திருந்தேன். மிச்சம் வரவில்லை. சனம் இடம்பெயர்ந்து ஓடின அந்தக் காலத்தில் நானும் இந்த மண்ணில் இருந்தவன்தான். கேட்கவில்லை.

கராத்தே எப்படி வந்தது என்று சொல்கிறேன். சனிக்கிழமைகளில் வவுனியாவிலிருந்து ஒரு மாஸ்டர் வந்து பொது மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பழக்கத் தொடங்கினார். பெரியவளுக்குப் பதினேழு வயது. தானும் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அடுத்த சனிக்கிழமை ஐந்து பேரும் போய் வரிசையில் நின்றார்கள். இது பிள்ளைகளுக்கான வகுப்பு என்று மாஸ்டர் சொல்லிப் பார்த்திருக்கிறார். அதற்கு இவர் சொன்ன மறுமொழியை மாஸ்டர் பிறகு ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

"ஒராள் அடி வாங்க மற்றவை பாத்துக்கொண்டு நிக்கேலாது சேர். வாங்கிறதெண்டா எல்லாருமா வாங்குவம்."

பிறகு என்னுடைய ஆலைக்குப் பின்னால் நெல்லுக் காயப்போடுகிற சீமெந்துத் தளத்தில் பின்னேரங்களில் பயிற்சி நடந்தது. மனிசி காலைத் தூக்குவா, பாவாடையைப் பிடிப்பா, திரும்பவும் தூக்குவா. அக்காக்காரிக்கு ஐம்பது தாண்டின வயது. வாயில் வெத்திலையோடு நின்று காற்றைக் குத்துவா. அவா குத்தின நாட்களில் என்னுடைய நெல்லில் ஒரு காகம் இருந்ததில்லை. இவருக்கு உடம்பு நன்றாக வளைந்தது, ஆனால் இரண்டு குத்துக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்து எண்ணிக்கொள்வார். பெரியவள்தான் உண்மையாகப் பழகினவள். அவள் கால் வீசினால் சாக்குத் துணி கிழிகிற மாதிரிச் சத்தம் வரும்.

வவுனியாவில் போட்டி வந்தது. அதில் வெல்கிற பெட்டையை மாகாண அணிக்கு எடுப்பார்கள், மூன்று மாதம் யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் பழகவேண்டும், தகப்பன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கவேண்டும் என்று மாஸ்டர் சொன்னார். ஒருநாள் பெரியவள் தளத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவள் என்னிடம் வந்தாள்.

"ஐயா, ஒருக்கா அப்பாவோட கதையுங்கோ. வெண்டாலும் விடமாட்டார்."

வங்கி மனேச்சரையே கதையால் வளைத்தவன் நான். உடனே அவரைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சந்தர்ப்பம், நான் என்றால் எப்படி விட்டிருப்பேன் என்று அரை மணித்தியாலம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார்.

"அங்க கட்டில் எத்தினை முதலாளி?"

"ஒராளுக்கு ஒண்டுதானே."

"அப்ப சரிவராது," என்று சொல்லிவிட்டு லொறிக்கு எண்ணெய் விடப் போய்விட்டார். பெரியவள் விளக்குமாற்றோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டின இடத்தையே கன நேரம் கூட்டிக்கொண்டு நின்றாள்.

ஆனால் போட்டிக்குப் போகலாம் என்றார். போட்டிக்கு ஐந்து பேரும் போகலாம்தானே.

அந்தப் போட்டிக்கு நான்தான் பிரதம விருந்தினர். எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தவன் நான், பிறகு ஆரைக் கூப்பிடுவது? இந்தக் குடும்பத்துக்கு வெள்ளை உடுப்புத் துணியும் நானே வாங்கிக் கொடுத்தேன். முதுகில் ஆலையின் பெயரையும் என்னுடைய தொலைபேசி இலக்கத்தையும் நீல எழுத்தில் அடிக்க வைத்தேன். சின்னவளின் முதுகில் பெயர் மட்டும்தான் பிடித்தது. அக்காக்காரியின் முதுகில் பெயர், இலக்கம், "சகலவிதமான அரிசி வகைகளும் கிடைக்கும்" எல்லாம் அடித்து இன்னும் இடமிருந்தது.

தைத்தது மனிசி. ஒவ்வொரு உடுப்பின் மடிப்புக்குள்ளும் பொலித்தீனில் சுற்றின ஒரு நோட்டும், பெயர் விலாசம் எழுதின துண்டும் வைத்துத் தைக்கச் சொன்னது அவர். இதென்ன புதினம் என்று மாஸ்டர் கேட்டார். எங்களுக்கு அது புதினமில்லை. எங்கட சனம் ஓடின காலத்தில் உடுப்புத் தைத்ததே அப்படித்தான்.

போகும்போது லொறியில் முன்னுக்கு அவர், நான், எங்களுக்கு நடுவில் பெரியவள். பின்னுக்கு இருந்தால் அவளுக்குத் தலை சுற்றிச் சத்தி வரும். மற்ற மூன்று பேரும் பின்னுக்கு, மேலே மூடிக் கட்டின படங்கின் கீழே.

மண்டபத்தில் முதல் சிக்கல் கும்பிடுவதில் வந்தது. மெத்தையில் ஏற முதல் குனிந்து கும்பிடவேண்டும். சின்னவளின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஐந்து பேரும் செருப்பைக் கழற்றி வரிசையாக ஏறிக் குனிந்தார்கள். ஒராள் மட்டும் என்றார் நடுவர். இறங்கினார்கள். அடுத்தது மனிசியின் பெயர். திரும்பவும் ஐந்து பேர். மூன்றாம் தரம் நடுவர் அலுத்துப்போய் ஐந்து பேருக்கும் திருப்பிக் குனிந்துவிட்டு, வேண்டாதவர்கள் இறங்கலாம் என்றார்.

நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் மொத்தமே இரண்டு பேர்தான். மனிசியும் அவாவின் அக்காவும். மணி அடித்தது. இரண்டு பேரும் நின்றார்கள். தங்கச்சி அக்காவின் பெல்ட் அவிழ்ந்திருப்பதைக் கண்டு கிட்டப் போய்க் கட்டிவிட்டா. அக்கா தங்கச்சியின் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டா. சண்டை செய்யாவிட்டால் இரண்டு பேரையும் வெளியே விடுவேன் என்று நடுவர் எச்சரித்தார்.

"அடியன்டி, நேரம் போகுதெல்லே," என்றா அக்கா.

"நீ மூத்தவள், நீ அடி."

அக்கா கொஞ்சம் யோசித்தா. "சரி. அண்டைக்குக் கலியாண வீட்டுக்கெண்டு வாங்கிக்கொண்டு போன என்ர நீலச்சீலையைக் குழம்பு ஊத்திக் கொண்டுவந்து தந்தனியெல்லே, இது அதுக்கு," என்று சொல்லி ஒரு குத்து விட்டா. தங்கச்சி மெத்தையில் இருந்துவிட்டா. இருந்தபடியே, "அது நானில்லை, பக்கத்தில இருந்த ஆள் ஊத்தினது" என்றா. அதற்குள் நடுவர் அக்காவின் கையைத் தூக்கிவிட்டார். தங்கப் பதக்கத்தை அவாவுக்கு நான்தான் போட்டேன். இப்பதான் மனம் ஆறினது என்று என்னுடைய காதில் சொன்னா.

இவருடைய முறையில் எதிராளி ஒரு ஒல்லிப் பொடியன். இரண்டு புள்ளி முன்னுக்கு நின்றார் இவர். இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினால் வெற்றி. சரியாக அந்த நேரம் பார்த்துத் தலையைத் திருப்பினார், வாங்கில் நாலு பேரும் இருக்கிறார்களோ என்று. உதடு அசைந்ததை நான் கண்டேன். ஒண்டு, ரெண்டு. மூண்டு சொல்ல முதல் பொடியனின் கால் கன்னத்தில் விழுந்தது. விழுந்து கிடந்தபடியே கையை நீட்டி மிச்சத்தையும் எண்ணி முடித்துவிட்டுத்தான் எழும்பினார்.

பெரியவளின் கடைசிச் சண்டையை நான் எப்படிச் சொல்வது? எதிரே நின்றவள் இவளை விட ஒரு முழம் உயரம். இவள் ஒருதரமும் வாங்குப் பக்கம் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிபட்டது. அந்தக் குடும்பத்தில் திரும்பிப் பார்க்காமல் சண்டை செய்தவள் அவள் ஒருத்திதான். கடைசியில் அந்தச் சாக்குக் கிழிகிற சத்தம் கேட்டது. மண்டபம் எழும்பி நின்றது. தகப்பனும் எழும்பிக் கை தட்டினார். தட்டிக்கொண்டே முகம் வாடினார்.

கிண்ணத்தையும் நான்தான் கொடுத்தேன். பிறகு எனக்கு மாலை போட்டார்கள். மாலை என்றால் சின்ன மாலை இல்லை, என்னுடைய முழங்கால் வரைக்கும் வந்தது. பொன்னாடை, நினைவுச் சின்னம் எல்லாம். வெளிக்கிட்டபோது மழை தொடங்கிவிட்டது. மாலை நசிந்துவிடும் என்று லொறியின் முன்னுக்கு நடுச் சீற்றில் அதை வைத்தேன்.

இனி நடந்ததைக் கவனமாகச் சொல்லவேண்டும். பெரியவள் அந்த நேரம் மண்டபத்துக்குள்ளே மேசையடியில் நின்றாள், தகப்பன் கையெழுத்து வைக்கமாட்டாத அந்தப் பத்திரத்தை வாங்குவதற்கு. துணுக்காயிலிருந்து வந்து தோற்ற ஒரு பெட்டை பஸ்ஸை விட்டுவிட்டு அழுதுகொண்டு நிற்க, மாங்குளம் வரைக்கும் வா பிள்ளை என்று மனிசி அவளைப் பின்னுக்கு ஏற்றிவிட்டா. அவளும் வெள்ளை உடுப்பு. துவாயால் முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டாள். இவர் வந்து, மழைக்காகப் படங்கைத் தூக்காமல் கையை மட்டும் உள்ளே விட்டு, தலைகளைத் தொட்டார். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. நெஞ்சில் தட்டினார். அஞ்சு. லொறி வெளிக்கிட்டது.

பெரியவள் தன்னுடைய சீற்றை மாலைக்கு விட்டுக்கொடுத்துப் பின்னுக்கு ஏறிவிட்டாள் என்று இவர் நினைத்தார். வந்த மாதிரியே முன்னுக்கு இருக்கிறாள் என்று பின்னுக்கு இருந்தவை நினைத்தவை. நான் என்ன நினைத்தேன் என்றால், சைக்கிளில் மூட்டை உருட்டின காலத்திலிருந்து இந்த மாலை வரைக்கும் வந்த கதையை முதலிலிருந்து அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மாங்குளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். பின்னாலிருந்து அந்தப் பெட்டை குதித்து, "போயிட்டு வாறன் அங்கிள், பெரிய உதவி" என்று சொல்லிவிட்டுத் துணுக்காய் றோட்டில் நடந்தாள். இவர் போகிறவளைப் பார்த்தார். பின்னுக்குப் போய்ப் படங்குக்குள் கையை விட்டார். ஒண்டு, ரெண்டு, மூண்டு. நெஞ்சில் தட்டினார். திரும்பவும் முதலிலிருந்து.

"பெரியவள் முன்னுக்கெல்லே?" என்றா மனிசி.

"பின்னுக்கெல்லே?"

பிறகு எல்லாருமாக முன் சீற்றைப் பார்த்தார்கள். அங்கே என்னுடைய மாலை இருந்தது.

அவர்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரு தொலைபேசிதான். பிரிந்து போகாதவர்களுக்கு இரண்டாவது எதற்கு? அது அவருடைய சட்டைப் பையில் இருந்தது. லொறியைத் திருப்பினார். முட்டை உடையாமல் ஓட்டின மனிசன் அன்றைக்கு ஒரு பள்ளத்தையும் விடவில்லை. பின்னுக்கிருந்து அக்காக்காரி வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. தன்னுடைய தலைமுடியைக் கேட்கவேண்டாம், டிறைவரின் முடியை எடுத்துக்கொள் என்று நேர்ந்தா. "வைக்கட்டும்," என்றார் அவர். அந்த வழி முழுக்க அவர் பேசினது அந்த ஒரு சொல்தான்.

மண்டபம் பூட்டியிருந்தது. காவல்காரர், ஒரு பிள்ளை கிண்ணத்தோடு வந்து லொறி போயிட்டுதோ என்று கேட்டது, ஓம் என்றேன், கொஞ்ச நேரம் நின்று யோசித்தது, பிறகு சிரித்துவிட்டு பஸ் நிலையத்துப் பக்கம் போனது என்றார்.

"சிரிச்சவளோ?" என்று கேட்டார் இவர்.

"ஓம். சிரிச்சது."

"அழேல்லையோ?"

"இல்லை அண்ணை. சிரிச்சது."

பஸ் நிலையத்தில் அவளுடைய படத்தைக் காட்டிக் கேட்பம் என்று என்னுடைய தொலைபேசியை எடுத்தேன். விழா நேரம் சத்தத்தை நிற்பாட்டச் சொன்னதில் நிற்பாட்டினது, பிறகு போடத் தெரியவில்லை. ஒரே இலக்கத்திலிருந்து பன்னிரண்டு தரம் அழைப்பு வந்திருந்தது. எடுத்தேன். ஒரு பஸ் நடத்துனர். பிள்ளையின் முதுகில் இருந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் எடுத்தாராம். பிள்ளை உடுப்பின் மடிப்பைப் பிரித்து நோட்டை எடுத்து ரிக்கற் வாங்கி, மிச்சக் காசையும் கேட்டு வாங்கி, கிளிநொச்சியில் இறங்கிவிட்டதாம். என்னுடைய ஆலையில் பச்சையரிசி என்ன விலை என்றும் கேட்டார்.

நாங்கள் வந்து சேரப் பொழுது பட்டுவிட்டது. குசினியிலிருந்து சோறு வேகிற வாசம். பெரியவள் அதே வெள்ளை உடுப்போடு படலையில் நின்றாள். தாய் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கப் பார்த்தா. பெரியவள் விடவில்லை. கையை நீட்டித் தாயின் தலையில் வைத்தாள்.

"ஒண்டு," என்றாள். பெரியம்மாவின் தலை. "ரெண்டு." தங்கச்சி. "மூண்டு."

தகப்பன் லொறியடியிலேயே நின்றார். அவள் கையை நீட்டினபடி காத்திருந்தாள். அவர் மெதுவாக வந்தார். அவள் உயரம் குறைவு, எட்டவில்லை. மெத்தையில் குனிந்த மாதிரியே குனிந்தார்.

"நாலு."

நான் ஒதுங்கி நின்றேன், மாலையோடு. என்னையும் தொட்டாள். "அஞ்சு." பிறகு தன்னுடைய நெஞ்சில் தட்டி, "ஆறு. எல்லாரும் வந்திட்டினம், சாப்பிடுவம்," என்றாள். அன்றைக்குக் கிடைத்த மாலையை அவர்கள் வீட்டுப் படலையிலேயே மாட்டிவிட்டேன்.

பாய் விரித்து இருந்தோம். பத்திரம் கிண்ணத்துக்குள் சுருட்டினபடி அவருக்கு முன்னால் இருந்தது. அவள் சோறு போட்டாள். அவர்தான் வாயைத் திறந்தார்.

"கட்டில் ஒண்டெண்டுதானே சொன்னவை?"

"ஓம் அப்பா."

"தலகாணி இஞ்சயிருந்து கொண்டு போ."

என்னுடைய பேனையைத்தான் கேட்டு வாங்கிக் கையெழுத்து வைத்தார். பேனையைத் திருப்பித் தந்துவிட்டு, சோற்றைக் குழைத்து வாயில் வைத்தார். எண்ணவில்லை. பக்கத்தில் இருந்து நான் பார்த்தனான்.